பாதை மூடும் முன் இருப்பு: ஒரு சப்ளை அதிகாரியும் குன்னூர் மலைச்சரிவும்

நவம்பர் மழை குன்னூரில் இறங்கும் நாளில் அரிசி மேட்டுப்பாளையத்தில் இருக்கும். சாப்பிட வேண்டியவர்கள் மேலே இருப்பார்கள். நடுவில், மலைப்பாதையில் உள்ள மரப்பாலத்திலோ பர்லியாறிலோ பாதி மலை சாலையில் படுத்திருக்கும். நீலகிரியில் மழைக்கால நிவாரணத்தின் சிக்கல் பெரும்பாலும் இந்த மூன்று வரிக்குள் அடங்கிவிடுகிறது. ராணுவத்தில் 30 ஆண்டுகள் இதே சிக்கலோடு வேலை பார்த்த ஒருவர் ஓய்வுபெற்று இங்கே குடியேறினால் என்ன செய்ய முடியும், எதில் தடுமாறுவார் என்பதைப் பார்ப்பதே இந்த ஆய்வு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இதில் வரும் கர்னல் தனியொரு ஆள் அல்ல. வெலிங்டன், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் குடியேறும் சப்ளை அதிகாரிகளின் பணிப்பாதையை ஒருவராகச் சேர்த்து எழுதியிருக்கிறோம். கிராமமும் அப்படித்தான்: வடகிழக்குப் பருவமழைச் சரிவில் இருக்கும் 100 வீட்டு ஊர், வீட்டுக்கு 4 பேர் என்ற கணக்கு. இடங்களும் மழை அளவும் ஆண்டுகளும் உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

பணிக்காலம்

ராணுவத்தில் 'சப்ளை' என்றதும் பலர் துப்பாக்கிக் குண்டு, சீருடை எல்லாவற்றையும் சேர்த்து நினைத்துக்கொள்கிறார்கள். குண்டும் துணிமணியும் உதிரிபாகமும் ஆர்டினன்ஸ் கோர் என்ற படைப்பிரிவின் பொறுப்பு. பழுதுபார்ப்பது மின்னணு, இயந்திரப் பொறியாளர் பிரிவான ஈ.எம்.ஈ. உணவு, எரிபொருள், லாரி, கோவேறு கழுதை, இவைதான் ஆர்மி சர்வீஸ் கோரின் கைவசம். 1760 டிசம்பர் 8ஐத் தன் பிறந்தநாளாகக் கொண்டாடும் படைப்பிரிவு அது. 'சேவையே எங்கள் தர்மம்' என்பது அதன் வாசகம்.

நம் கர்னல் 1980களின் இறுதியில் சென்னை பரங்கிமலையில் பயிற்சி முடித்து அதிகாரியானவர். சர்வீஸ் கோரின் கல்லூரி அப்போது பரேலியில் இருந்தது. 1999இல் பெங்களூருக்கு வந்தது. இளம் அதிகாரிக்கு அங்கே கற்றுத்தருபவை பார்வைக்கு மிகச் சாதாரணமானவை: மூட்டையை எண்ணுவது, எடை பார்ப்பது, மாதிரி எடுத்துத் தரம் சோதிப்பது, முதலில் வந்ததை முதலில் கொடுப்பது, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்குவது. ஐந்தும் பத்தாயிரம் பேருக்கு ஒரு நாள்கூடத் தவறாமல் நடக்க வேண்டும் என்னும்போதுதான் அதன் கனம் தெரியும்.

அவரை உருவாக்கியது லடாக் பாதை. ஸ்ரீநகரிலிருந்து லே செல்லும் சாலை சோஜிலா கணவாயை ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் கடக்கிறது. அவர் பணியிலிருந்த காலத்தில், பனி விழுந்தால் பாதை மாதக்கணக்கில் மூடிவிடும். ஆகவே மே முதல் நவம்பர் வரை, பாதை திறந்திருக்கும் மாதங்களில், அடுத்த வசந்தம் வரைக்குமான மாவு, பருப்பு, எண்ணெய், மண்ணெண்ணெய் அத்தனையும் மேலே ஏற்றப்பட வேண்டும். குளிர்கால முன்னிருப்பு என்று இதைச் சொல்வார்கள். ஜூலை மாத வெயிலில் உட்கார்ந்து ஜனவரியில் எந்த முகாமில் எத்தனை பேர் இருப்பார்கள், ஒருவருக்கு எத்தனை லிட்டர் மண்ணெண்ணெய் என்று கணக்குப் போடுகிற வேலை. கணக்கு பிசகினால் திருத்த வழி கிடையாது. கணவாய் மூடிய பிறகு ஹெலிகாப்டர் ஏற்றிவரும் எடை, ஒரு லாரியோடு ஒப்பிட்டால், கையளவுதான்.

1999 கார்கில் போரின்போது திராஸ் பகுதியில் இந்தச் சாலை எதிரியின் பீரங்கிப் பார்வைக்குள் விழுந்தது. இரவில் முன்விளக்கு போடாமல் லாரிகள் போயின. அந்தப் பாதையில் அவர் ஒரு வழக்கம் படித்தார். ஒரு பொருள் முழுவதையும் ஒரே வண்டியில் ஏற்றக்கூடாது. அரிசி வண்டி, பருப்பு வண்டி, எண்ணெய் வண்டி என்று பிரித்தால் ஒரு வண்டி கவிழும்போது ஒரு பொருளே இல்லாமல் போய்விடும். எல்லா வண்டியிலும் எல்லாப் பொருளையும் பிரித்து ஏற்றினால், ஒன்று வராமல் போனாலும் மிச்சமிருப்பதை வைத்துச் சமைக்கலாம்.

54 வயதில் ஓய்வு. பிறகு வெலிங்டன் பக்கம். ராணுவ மருத்துவமனையும் முன்னாள் படைவீரர்களுக்கான பாலிகிளினிக்கும் பக்கத்தில் இருப்பதும், மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தின் காலைப் பிகில் காதில் விழுவதும் பலரை இங்கே இழுக்கின்றன.

முதலில் வந்த வேலை: காகிதம்

ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் ஊரில் இருக்கிறார் என்று தெரிந்தால் முதலில் கதவைத் தட்டுவது நிவாரண வேலை அல்ல, பென்ஷன் காகிதம்தான். இறந்த சிப்பாயின் மனைவி, கையில் ஒரு பிளாஸ்டிக் பை, உள்ளே மடிப்பு மடிப்பாய்க் கிழிந்த டிஸ்சார்ஜ் புத்தகம், அதாவது படையிலிருந்து விடுவித்த ஆவணம்.

நூற்றில் பெரும்பங்கு சிக்கல் பெயரில்தான் இருக்கிறது. தமிழரில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்துதான். படையில் சேர்ந்த நாளில் எழுத்தர் அப்பா பெயரை விரித்து எழுதியிருப்பார். ஆதாரில் எழுத்து பின்னால் வந்திருக்கும். வங்கிப் புத்தகத்தில் எழுத்தே இருக்காது. மனைவியின் பெயர் 'லட்சுமி' ஒன்றில், 'லக்ஷ்மியம்மாள்' இன்னொன்றில். கணினி ஒவ்வொரு பெயரையும் வெவ்வேறு ஆள் என்றே எடுத்துக்கொள்ளும். கணவர் பணியில் இருக்கும்போதே யூனிட் மூலமாகத் திருத்தியிருந்தால் ஒரு உத்தரவில் முடிந்திருக்கும். இறந்த பிறகு உறுதிமொழிப் பத்திரம், இருவரும் ஒருவரே என்ற சான்று, ஆவணக் காப்பகத்துக்குக் கடிதம் என்று நீளும்.

கர்னல் இங்கே செய்தது சப்ளை டிப்போ வேலையேதான். வருபவரின் காகிதங்களை மேசையில் வரிசையாகப் பரப்பி, ஒரு தாளில் கட்டம் போட்டு, இடப்பக்கம் ஆவணத்தின் பெயர், வலப்பக்கம் அதில் எழுதியுள்ள பெயர் எழுத்துக்கு எழுத்து, பிறந்த தேதி, சேவை எண். டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் உத்தரவு, ஆதார், வங்கிப் புத்தகம், இறப்புச் சான்று, ஐந்தும் ஒரே தாளில். எந்த வரி எதோடு ஒட்டவில்லை என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். அந்த ஒரு வரிக்கு மட்டும் மனு எழுதினால் போதும். இந்தத் தாள் இல்லாமல் நேரே அலுவலகம் போனவர்கள் ஒரு குறைக்கு ஒரு நடையாகப் பலமுறை ஊட்டிக்குப் போய் வருகிறார்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் உதவும். ஆனால் என்ன குறை என்று தெளிவாகச் சொல்லிக் கேட்டால்தான் உதவி வேகமாக வரும். நவம்பரில் ஆயுள் சான்று நினைவூட்டலும் இதே பட்டியலில் இருந்து போகும். வயதானவர்களின் கைரேகை தேய்ந்து கருவியில் பதியாமல் போவது வழக்கம். அவர்களைத் தனியாகக் குறித்துவைத்து, முக அடையாளம் வழியாகச் செய்ய உட்காரவைப்பார்.

ராணுவத்தில் சேர விரும்பும் பையன்களுக்கு 1.6 கிலோமீட்டர் ஓட்டப் பயிற்சியும் கொடுப்பதுண்டு. அதற்குப் பயிற்றுநர்கள் வேறு பலர் இருக்கிறார்கள். சப்ளை அதிகாரியின் தனித்தன்மை மழையில்தான் தெரிகிறது.

இரண்டு மழை, இரண்டு சோஜிலா

நீலகிரிக்குப் பாதை மூடும் பருவம் இரண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு மழை கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி, அப்பர்பவானிப் பக்கம் கொட்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழை குன்னூர், கோத்தகிரிச் சரிவைப் பிடிக்கும். 2009 நவம்பர் 10 அன்று கேத்தியில் பதிவான ஒருநாள் மழை 82 செ.மீ. சென்னைக்கு ஓராண்டு முழுவதும் பெய்வதில் பாதிக்கு மேல் அது. அந்த மழையின் மண்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. 1993 நவம்பரில் மரப்பாலத்தில் சாலையையே அடித்துச் சென்ற சரிவை அந்தத் தலைமுறை இன்னும் மறக்கவில்லை.

மாவட்ட நிர்வாகம் 283 இடங்களை அபாயப் பகுதிகளாகப் பட்டியலிட்டு, மழைக்கு முன் குழுக்கள் அமைக்கிறது. 1077 எண்ணில் கட்டுப்பாட்டு அறை இயங்குகிறது. ஜே.சி.பி.யும் மணல் மூட்டையும் தயாராக இருக்கும். இது நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு ஊரின் கிளைச்சாலையில் மண் விழுந்தால் ஜே.சி.பி. முதலில் பிரதான சாலையைத்தான் திறக்கும். திறக்கவும் வேண்டும், ஆம்புலன்ஸ் போவது அதில்தான். கிளைச்சாலைக்கு முறை வரும்வரை அந்த ஊர் தன் கையிருப்பில் வாழ வேண்டும். தினக்கூலிக்குத் தேயிலை பறிப்பவர்களின், லயன் எனப்படும் வரிசை வீடுகளில் கையிருப்பு என்பது இரண்டு மூன்று நாளைக்குத்தான். மழையில் பறிப்பும் நின்றுவிடுவதால் கூலியும் நின்றுவிடும்.

சோஜிலா கணக்கு இங்கே பொருந்துவது இப்படித்தான். மண் விழுந்த பிறகு வண்டி அனுப்புவதை விட, விழுவதற்கு முன் 5 நாள் உணவை ஊருக்குள்ளேயே வைத்துவிடுவது. செப்டம்பர் கடைசி வாரத்துக்குள் கிழக்குச் சரிவு ஊர்களுக்கு இருப்பு ஏறிவிட வேண்டும். மேற்கே மே மாதக் கடைசிக்குள்.

கணக்கு

100 வீடு, 400 பேர், 5 நாள். பேரிடர் உணவுக்கு உலகளவில் ஏற்றுக்கொண்ட அளவு ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,100 கலோரி. அரிசி 450 கிராம், பருப்பு 60, எண்ணெய் 30, சர்க்கரை 15, உப்பு 5 என்று வைத்தால் அந்த அளவைத் தொட்டுவிடலாம். வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே ஒவ்வொரு 5 டிகிரிக்கும் 100 கலோரி கூட்டுவது முறை. மழை நாளில் இங்கே இரவு 10, 12 டிகிரிக்கு இறங்கும். அதற்கு 40 கிராம் கடலை மிட்டாய் சேர்த்தால் 200 கலோரி கிடைக்கும். அடுப்பும் வேண்டாம், குழந்தைகளும் சாப்பிடுவார்கள்.

மொத்தமாகப் பெருக்கினால் அரிசி 900 கிலோ, பருப்பு 120, எண்ணெய் 60, சர்க்கரை 30, உப்பு 10, கடலை மிட்டாய் 80. ஆக 1,200 கிலோ. ஒரு ஊரை 5 நாள் தாங்கும் உணவு இரண்டு பிக்கப் வண்டிக்குள் அடங்கிவிடுகிறது. 'நிவாரணம்' என்ற சொல்லைக் கேட்டதும் மனதில் எழுகிற மலைப்பு இந்த எண்ணைப் பார்த்ததும் குறைந்துவிடும். அதனாலேயே ஊர்க்கூட்டத்தில் பேச்சுக்கு முன் பலகையில் இந்தக் கணக்கை எழுதிப்போடுவது கர்னலின் வழக்கம்.

தண்ணீர்க் கணக்கு இன்னும் கண்திறப்பது. ஒருவருக்கு 15 லிட்டர் என்றால் நாளுக்கு 6,000 லிட்டர், 5 நாளுக்கு 30,000 லிட்டர், அதாவது 30 டன். இதை எந்த வண்டியும் மண்சரிவு தாண்டிக் கொண்டுவராது. ஆனால் மலையில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை, சுத்தத்துக்குத்தான் பஞ்சம். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் போதும். 30,000 லிட்டருக்கு 75 கிராம். 30 டன்னுக்குப் பதில் சட்டைப்பையில் போகும் ஒரு பொட்டலம். கலங்கிய தண்ணீரை முதலில் படிகாரம் போட்டுத் தெளியவைக்க வேண்டும், இல்லையென்றால் குளோரினைச் சேறே தின்றுவிடும். கலந்தபின் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். இதில் தவறுவது தூளின் வீரியத்தில். மலைப் பனியில் திறந்துவைத்த பிளீச்சிங் பவுடர் சில வாரங்களில் வெறும் சுண்ணாம்பாகிவிடுகிறது. காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவில், இருட்டில், உணவுப் பொருளிலிருந்து தள்ளிவைக்க வேண்டும். இரும்பு டின் அரித்துவிடும். நீண்டகால இருப்புக்குக் குளோரின் மாத்திரையே மேல்.

பாட்டில் தண்ணீர் அனுப்பும் நல்ல மனங்கள் ஒவ்வொரு பேரிடரிலும் உண்டு. நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது. சோதனைச்சாவடியில் வண்டி நிற்கும், நேரம் போகும். பழைய துணி மூட்டையும் அப்படியே. பிரித்து அடுக்க ஆள் வேண்டும், ஈரத்தில் முடைநாற்றம் எடுக்கும், கடைசியில் ஊரே அதை அப்புறப்படுத்த வேண்டியிருக்கும். தருபவரிடம் வேண்டியதன் பட்டியலை எண்ணிக்கையோடு முன்கூட்டியே கொடுத்துவிட்டால் இந்தச் சங்கடம் இல்லை.

இன்னொரு மலைக்கணக்கு அடுப்பு. ஊட்டி 2,240 மீட்டர். அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சமவெளியிலிருந்து வந்த சமையல் குழு திறந்த அண்டாவில் பருப்பைப் போட்டுவிட்டு, கொதிக்கிறதே ஏன் வேகவில்லை என்று விழிப்பார்கள். எரிவாயு தீர்ந்துபோகும். லேயில் 88 டிகிரி, இதைவிட மோசம், அதனால் கர்னலுக்கு இது பழக்கம். பருப்பை முந்தின இரவே ஊறவைப்பது, மூடி போட்டு மேலே கனம் வைப்பது, முடிந்தால் பெரிய குக்கர். துவரையைவிடப் பாசிப்பருப்பு சீக்கிரம் வேகும் என்பதால் இருப்பில் பாதி பாசிப்பருப்பாக இருக்கட்டும் என்பது அவர் விதி.

மேட்டுப்பாளையம் திரும்பு வண்டி

கேத்தி, நஞ்சநாடு பக்கத்துக் கேரட், பீட்ரூட், கோஸ் ஏற்றிக்கொண்டு பிக்கப் வண்டிகள் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகின்றன. திரும்பி ஏறும்போது பல வண்டிகள் காலியாகவோ பாதி பாரத்தோடோ வரும். இருப்பை ஏற்ற இதைவிட மலிவான வழி கிடையாது. டீசல் எப்படியும் எரியத்தான் போகிறது. தனி லாரி பேசினால் ஆகும் வாடகையில் ஒரு பங்குக்குத் திரும்பு வண்டிக்காரர் ஒத்துக்கொள்வார், ஊர் வேலை என்றால் அதையும் வேண்டாம் என்பவர்கள் இருக்கிறார்கள்.

ஏற்றுவதற்கு முன் வண்டியின் தளத்தைப் பார்க்க வேண்டும். கேரட் மண் ஈரமாக ஒட்டியிருக்கும், கழுவிக் காயவைக்காமல் அரிசி ஏற்றினால் அடி மூட்டை ஊட்டி சேருமுன் ஈரம் குடித்துவிடும். அதைவிட முக்கியம், முந்தின நடையில் உரமோ பூச்சிமருந்தோ ஏற்றியதா என்று கேட்பது. ஏற்றியிருந்தால் அந்த வண்டி வேண்டாம். கழுவினால் போய்விடும் என்று ஓட்டுநர் சொன்னாலும் வேண்டாம். சாப்பாட்டு விஷயத்தில் கர்னல் விட்டுக்கொடுக்காத இடம் இது.

மூட்டை 25 கிலோதான், 50 கிலோ மூட்டை வாங்குவதே இல்லை. கிளைச்சாலையில் வண்டி நின்றுவிட்டால் மிச்சத் தூரம் தலைச்சுமை. வழுக்கும் தேயிலைச் சரிவில் 50 கிலோவோடு ஒருவர் விழுந்தால் அரிசியும் போகும், முழங்காலும் போகும். எடை கூடிய மூட்டை கீழே, பின் அச்சுக்கு முன்னால். கடைசியில் இறக்க வேண்டியது முதலில் உள்ளே. தார்ப்பாய் கயிற்றை முதல் கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் நிறுத்தி ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும், ஆட்டத்தில் அப்போதுதான் மூட்டை உட்கார்ந்து கயிறு தளர்ந்திருக்கும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை 14 வளைவுகள். ஏறும் வண்டிக்குத்தான் வழி, இறங்குகிறவர் நின்று கொடுக்க வேண்டும். இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பினால் பர்லியாறு வருமுன் லைனர் கருகும் வாடை வரும், அந்த வாடை வந்த பிறகு பெடலில் பிடி இருக்காது. பலாப்பழக் காலத்தில் கல்லாறு, பர்லியாறு பகுதியில் இரவில் யானை சாலைக்கு வரும். பாதை மாற்றம் தேவைப்பட்டால் கோத்தகிரி வழி. அதுவும் மூடினால் மஞ்சூர், கெத்தை வழியாகக் காரமடைப் பாதை. குறுகலானது, காட்டு வழி, பகலில் மட்டும்.

அறை

இருப்பு அறை பெரும்பாலும் பள்ளியின் ஒரு கூடுதல் அறை அல்லது சமுதாயக் கூடம். உள்ளே போனால் முதலில் கண்ணில் படுவது தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கிடக்கும் மரச்சட்டங்கள். அதன்மேல் அடுக்குக்கு 6 மூட்டை, 6 அடுக்கு, இடுப்பு உயரம், ஒரு அடுக்கு நீளவாட்டில், அடுத்தது குறுக்குவாட்டில். சுவரை விட்டு ஆள் நடந்து போகும் இடைவெளி. அந்த இடைவெளி வீண் இடம் என்று எல்லோருக்கும் தோன்றும். எலி வந்த தடமும் சுவரில் கசியும் ஈரமும் அதில் நடந்தால்தான் தெரியும். மூட்டைகளின் மேல் பாலிதீன் ஷீட்டை இறுக்கிப் போர்த்துவது இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. இரவுக் குளிரில் ஷீட்டின் உட்புறம் வியர்த்து, மேல் மூட்டை நனைந்து, பூஞ்சை பிடிக்கும். அரிசியில் ஈரப்பதம் 14 சதவீதத்தைத் தாண்டினால் ஆபத்து. வெயில் அடிக்கும் நாளில் ஜன்னல் திறந்துவைப்பதே மருந்து.

கதவின் உட்புறம் ஒரு அட்டை தொங்கும். தேதி, வந்தது, போனது, மீதி, கையெழுத்து. சாவி இரண்டு, இரண்டு வீட்டில். ஒரே ஆளிடம் சாவி இருந்து, அவர் மழைக்கு முன் கோயம்புத்தூர் போய்விட்டால் இருப்பு இருந்தும் இல்லாததுதான்.

அரிசியை மூன்று நான்கு மாதத்துக்கு மேல் வைப்பதில்லை. வடகிழக்கு மழை அடங்கி, இருப்பைப் பிரிக்கத் தேவையில்லாமல் போனால், டிசம்பர் ஜனவரியில் ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில், ஹெத்தையம்மன் விழா வருகிறது. அன்னதானத்துக்கு அப்படியே போய்விடும். அடுத்த செப்டம்பரில் விழாக் குழு பணமாகவோ அரிசியாகவோ திருப்பி வைக்கும். ராணுவ டிப்போவில் சரக்கைச் சுழற்றத் தனி உத்தரவு வேண்டும், இங்கே அம்மன் விழாவே சுழற்றிக்கொடுக்கிறது. இந்த ஏற்பாடு கர்னலுடைய யோசனை அல்ல, ஊர்ப் பெரியவர்கள் சொன்னது.

எங்கே பிசகியது

கரடி. கோத்தகிரி, குன்னூர்ப் பகுதியில் கரடிகள் எண்ணெய் வாடைக்கு ரேஷன் கடை, அங்கன்வாடி, கோயில் கதவுகளை உடைத்து உள்ளே போவது வாடிக்கை. மரக்கதவு அதற்குத் தடையே அல்ல. எண்ணெய் பாக்கெட் வேண்டாம், மூடி இறுக்கிய டின். டின்கள் மூடி போட்ட இரும்பு டிரம்மில். முடிந்தால் மாடி அறை. கடலை மிட்டாயும் அதே டிரம்மில்.

கூடலூர், பந்தலூரில் இந்த முறையே செல்லாது. அங்கே அரிசிக்கும் உப்புக்கும் யானை சுவரையே தள்ளிவிடும், ரேஷன் கடைகளுக்கு அது நேர்ந்தபடி இருக்கிறது. 900 கிலோ அரிசியைக் குடியிருப்பு நடுவில் வைப்பது யானையை வீட்டு வாசலுக்கு அழைப்பதற்குச் சமம். ஆகவே மேற்கில் இருப்பை ஊருக்குள் வைக்காமல், பாதை மூடினாலும் நடந்து எட்டக்கூடிய சிறு நகரத்தில் உறுதியான கட்டடத்தில் வைத்து, ஊருக்குள் வீட்டுக்கு வீடு 3 நாள் அளவைப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். இதில் கணக்கு வைப்பது கடினம், செலவு கூடுதல், இன்னும் சரியான தீர்வு என்று சொல்ல முடியாது.

மனிதர்களிடம் நேர்ந்த பிசகு வேறு வகை. சிப்பாய்க்குச் சொல்வதுபோல் ஊர் இளைஞர்களிடம் 'காலை 6 மணிக்கு மூட்டை இறக்க வேண்டும்' என்று சொன்னால் யாரும் வரமாட்டார்கள். பச்சைத்தேயிலை லாரி வரும் நேரம் எது, பள்ளி வேன் எப்போது என்று கேட்டு நேரம் வைத்தபோது வந்தார்கள். பணம் விஷயத்தில், முதல் வசூலிலிருந்தே ரசீது. ரசீது இல்லாத நூறு ரூபாய் பத்து வருட நல்ல பெயரைத் தின்றுவிடும். ரேஷன் கடை அரிசியையும் ஊர் இருப்பையும் ஒரே அறையில் வைக்கவே கூடாது. எது அரசுடையது எது ஊருடையது என்று பின்னால் யாராலும் நிரூபிக்க முடியாது, விற்பனையாளர்தான் பழி சுமப்பார்.

இருப்பு எங்கே, எவ்வளவு என்ற தாளின் நகல் வி.ஏ.ஓ.விடமும் வருவாய் ஆய்வாளரிடமும் முன்கூட்டியே இருக்க வேண்டும். மின்சாரம் போனால் சில மணி நேரத்தில் செல்போன் கோபுரமும் படுத்துவிடும். 'எங்கள் ஊரில் 5 நாளுக்கு இருக்கிறது, மருந்து மட்டும் வேண்டும்' என்று ஒரு சீட்டில் எழுதி ஆள் அனுப்பினால், அந்த நிவாரண வண்டி இன்னொரு ஊருக்குப் போகும். பேரிடரின் முதல் மணி நேரம் எப்போதும் ஊர்க்காரர் கையில்தான். 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் ராணுவ ஹெலிகாப்டர் விழுந்தபோது குடத்தில் தண்ணீரும் வீட்டுப் போர்வைகளும் எடுத்துக்கொண்டு முதலில் ஓடியவர்கள் அந்தத் தெரு மக்களே.

பெரிய பிசகு கணக்கிலேயே இருந்தது. ராணுவப் படியளப்பு ஆரோக்கியமான ஆண்களுக்கானது, ஒருவருக்கு இவ்வளவு, எத்தனை பேர், பெருக்கு, முடிந்தது. சுயஉதவிக் குழுவின் பொறுப்பில் இருந்த ஒரு அக்காவிடம் பட்டியலைக் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னபோது அவர் நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சார், இதுல பால் குடிக்கிற பிள்ளைக்கு என்ன கணக்கு?"

"வீட்டுக்கு நாலு பேர்னு போட்டிருக்கேன்மா, அதுல வந்துடும்."

"வராது சார். கைக்குழந்தை அரிசி சாப்பிடாது. தாய்க்குக் கூட வேணும். எங்க லயன்ல சுகர் மாத்திரை போடுறவங்க ஒன்பது பேரு. மாத்திரை தீர்ந்தா அரிசி இருந்து என்ன பண்றது?"

அன்றிலிருந்து பட்டியல் தலைக்கணக்காக இல்லை. வீட்டு வரிசைக்கு எதிரே மூன்று புதுக் கட்டங்கள் வந்தன: ஒரு வயதுக்குள் குழந்தை, கர்ப்பிணி அல்லது பால் கொடுக்கும் தாய், தினமும் மாத்திரை சாப்பிடுபவர். மூன்றாவது கட்டத்தில் மாத்திரையின் பெயர், வேளைக்கு எத்தனை. செப்டம்பரில் கிராம சுகாதாரச் செவிலியரிடம் அந்தத் தாளைக் கொடுத்துப் பதினைந்து நாள் மாத்திரை முன்கூட்டி வாங்கிவைக்கப்படுகிறது. இன்சுலின் போடுபவர் இருந்தால், மின்சாரம் போனாலும் குளிர்ச்சி தங்கும் மண்பானையும் ஈர மணலும் எந்த வீட்டில் இருக்கின்றன என்பதும் அதில் குறிக்கப்படுகிறது.

பட்டியலைப் புதுப்பிப்பது இப்போது அந்த அக்காவின் குழுதான். பிறப்பு, இறப்பு, வேலைக்குத் திருப்பூர் போனவர், திரும்பி வந்தவர் எல்லாம் மாதத்தின் முதல் ஞாயிறு சேமிப்புக் கூட்டத்தில் பதிவாகின்றன. கர்னல் ஆண்டுக்கு இருமுறை வந்து அட்டையையும் மூட்டையையும் எண்ணி ஒப்பிட்டுக் கையெழுத்துப் போடுகிறார். ஒரு சாவி அக்கா வீட்டில், இன்னொன்று பள்ளித் தலைமையாசிரியரிடம்.